பருப்பு வேகாத மலை

கேள்வி: 'சமைத்துப் பார்' புத்தகத்தை வரி பிசகாமல் பார்த்துத்தான் சாம்பார் வைக்கிறேன். பருப்பு மட்டும் மசியவே மாட்டேன் என்கிறதே? (வாசகி, தானா ராத்தா, கேமரன் மலை)

பதில்: புத்தகத்தை எழுதிய மீனாட்சி அம்மாள் மீது குறையில்லை. 1951-இல் அவர் புத்தகம் போட்டது கடலோரச் சென்னையில். நீங்கள் அடுப்பு மூட்டுவதோ சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு அசைந்து கொடுக்காது. ஆகவே, "உன் பருப்பு இங்கே வேகாது" என்று மாமியார் சொன்னால் கோபப்படாதீர்கள். அது விஞ்ஞானம்!

சமையல் புத்தகத்தில் பொருளின் அளவை நம்பலாம், நிமிடக் கணக்கை நம்பக் கூடாது என்பது என் கட்சி. பருப்பை முன்கூட்டியே ஊறப்போடுங்கள், குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.