நம்மள எவன் கேட்டான்?

சிங்கிரிக்குடி நரசிம்மருக்கு 16 கை. எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி. சின்ன வயதிலிருந்து கும்பிட்ட சாமிதான் என்றாலும், அந்த 16 கையின் அருமை எங்கள் பெரியப்பாவுக்கு 2002 ஏப்ரலில்தான் விளங்கியது. அந்த வருஷம் பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர்கள் 16 பேர். "கைக்கு ஒருத்தனா புடிச்சிக் குடுத்துட்டா சாமி பார்த்துக்கும். நடுவுல இந்தக் கருத்துக்கணிப்புக்காரன் எதுக்கு?" என்றார்.

பிரான்சில் யார் ஜனாதிபதியானால் அபிஷேகப்பாக்கத்துக்கு என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் 15 வருஷம் துப்பாக்கி தூக்கிவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பாஸ்போர்ட் பிரான்சுடையது. ரேஷன் கார்டு கிடையாது. ஆனால் ஊரில் எல்லார் ரேஷன் அரிசியைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. சாயங்காலம் ஆனால் இரும்புக் குண்டை உருட்டி பெத்தாங்க் ஆடுவார்கள், ஆடிக்கொண்டே பாரிஸ் அரசாங்கத்தைக் கவிழ்ப்பார்கள். இப்படிப் பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் புதுச்சேரி, காரைக்கால், சென்னை எல்லாம் சேர்த்து இன்றைக்கும் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம் பேர்.

பிரான்சில் கருத்துக்கணிப்பு என்றால் சுமார் ஆயிரம் பேரைப் பிடிப்பார்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, வயது இவ்வளவு, தொழில் இன்னது என்று பங்கு பிரித்துக் கேட்பார்கள். அந்தப் பங்கில் பெத்தாங்க் ஆடும் அபிஷேகப்பாக்கத்துச் சொல்தாவுக்கு ஒரு கட்டமும் இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு கணிப்பு வரும்போதும் பெரியப்பா சொல்வது ஒன்றே ஒன்று: "நம்மள எவன் கேட்டான்?"

இது அவர் சொந்தச் சரக்கு அல்ல, தாத்தா விட்டுப்போன ஆஸ்தி.

கதை 1948-இல் தொடங்குகிறது. பிரெஞ்சு வசமிருந்த ஊர்களில் ஜனங்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வோம் என்று அந்த வருஷம் இந்தியாவும் பிரான்சும் பேசி வைத்தன. மறுவருஷம் ஜூனில் சந்திரநாகூரில் நிஜமாகவே கேட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 7,463 பேர், வேண்டாம் என்று 114 பேர். அடுத்தது நாம்தான் என்று எங்கள் தாத்தா சட்டையைப் பெட்டி போட்டு வைத்துக் காத்திருந்தார். அஞ்சு வருஷம் காத்திருந்தார். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்துக்காக ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், எல்லாரும் மக்கள் பிரதிநிதிகள். சேரலாம் என்றவர்கள் 170, மாட்டோம் என்றவர்கள் 8. மாதிரி எடுத்துக் கணிக்கும் கலையைக் கண்டவர் அமெரிக்காவின் கேலப் என்கிறார்கள். கீழூரைப் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். கணிப்பும் அதுவே, தேர்தலும் அதுவே, முடிவும் அதுவே. பிழை விளிம்பு பூஜ்யம்.

முடிவில் தாத்தாவுக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. கேட்டிருந்தால் அவரும் 170 பேரோடுதான் கை தூக்கியிருப்பார். கேட்கவில்லையே என்பதுதான் முள். அன்று அந்த வாசகம் வீட்டுக்குள் வந்தது.

பிறகு கேட்டார்கள்! புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்க 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஆறு வருஷம் தூங்கி, 1962 ஆகஸ்ட் 16-இல் விழித்தது. பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம், எழுதாதவர்கள் இந்தியர்கள். இதற்கு ஒப்சியோன் என்று பெயர். எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான். அதில் எங்கள் தாத்தா ஒருவர். பிரான்ஸ் மேல் பாசமா? பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது 'மெர்சி' மட்டும்தான், அதையும் கோபம் வந்தால்தான் சொல்வார். ஏன் எழுதினாய் என்று ஊர் கேட்டதற்கு, "ஆயிசுல ஒரே ஒரு தபா ஆள் வச்சிக் கேட்டான்யா. மரியாதைக்குப் பதில் சொல்ல வேணாமா?" என்றாராம். அந்த மரியாதையில் 16 வயதுப் பெரியப்பாவும் வீட்டோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர் ஆனார்.

1965 டிசம்பரில் அவர் பிரான்சில் ஒரு பட்டாளக் கொட்டடியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த நவீன காலத்து முதல் தேர்தல் அது. பதவியில் இருந்த ஜெனரல் தெ கோல் நின்றார். நின்றார் என்பதுகூட அதிகம். நாட்டுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். பிரசாரத்துக்குப் போவது தன் உயரத்துக்கு இழுக்கு என்று நினைத்தார், உயரமும் ஆறடிக்கு மேல். எதிரே லெகானுவே என்றொருவர் டிவியில் பல் தெரியச் சிரித்தே ஓட்டு சேர்த்தார். இஃபோப் என்ற கணிப்பு நிறுவனம் வாராவாரம் ஜெனரலின் சதவீதத்தை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கியது. கடைசியில் பாதிக்கு மேல் வாங்கி முதல் சுற்றிலேயே ஜெயிக்க மாட்டார் என்றே சொல்லிவிட்டது. கொட்டடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு சார்ஜென்ட் பந்தயம் கட்டினார். டிசம்பர் 5 ராத்திரி வந்தது 44.65 சதவீதம். சார்ஜென்ட் பணத்தை எண்ணி வைத்தார், ஜெனரல் இரண்டாம் சுற்றுக்கு இறங்கி வந்து ஜெயித்தார். கருத்துக்கணிப்பு என்ற பூசாரிக்கு பிரான்சில் அன்றுதான் அருள் வந்தது. பெரியப்பாவுக்கு அப்போது 19 வயது, ஓட்டுக்கு 21 ஆக வேண்டும். அங்கேயும் கேட்கவில்லை.

1979-இல் பென்ஷனோடு வந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஜனாதிபதித் தேர்தலுக்குத் தூதரகத்திலேயே ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் அதற்குள் வந்திருந்தது. முதலில் பயன்பட்டது 1981-இல். அந்தத் தேர்தலுக்கு முன்னால் கொலூஷ் என்ற கோமாளி நடிகர் நானும் நிற்கிறேன் என்றார். ஊர் சிரித்தது. ஒரு கணிப்பு அவருக்கு 16 சதவீதம் கொடுத்ததும் சிரிப்பு நின்றது, அரசியல்வாதிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் அவர் விலகிக்கொண்டார். நம் ஊராக இருந்தால் கட்சியே ஆரம்பித்திருப்பார்.

பதவியில் இருந்த ஜிஸ்கார்தான் திரும்பவும் வருவார் என்று மாதக்கணக்காகச் சொன்ன கணிப்புகள் கடைசியில் சுருதி மாறின. மே 10 ராத்திரி எட்டு மணிக்கு பிரெஞ்சு டிவியில் புதுசாக வந்த கம்ப்யூட்டர், ஜெயித்தவர் முகத்தை உச்சந்தலையிலிருந்து வரி வரியாகக் கீழே வரைந்தது. முதலில் வந்தது வழுக்கை. நின்ற இருவருக்குமே வழுக்கை! நெற்றி வரும் வரைக்கும் இரண்டு கட்சிக்காரனும் கைதட்டியிருப்பான். வந்தவர் மித்தெரான், 51.76 சதவீதம். எங்கள் ஊரில் ஏது பிரெஞ்சு டிவி? பெரியப்பா நடுராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து சிற்றலை ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் கரகரப்புக்கு ஊர் நாய்கள் எல்லாம் சேர்ந்து கருத்துச் சொன்னதாகப் பெரியம்மா சொல்வாள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புள்ளியியல் என்ற வார்த்தையை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்குக் கார்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதிலும் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்து, அவர் மலை மாதிரி ஜெயித்த கதையைப் பெரியப்பா சொன்னபோது, கரண்டியை வைக்காமலே பதில் சொன்னாள்: "ஒரு சோறு பதம்னா கிண்டிவிட்டு எடுக்கணும். மேலாப்புல மெதக்கறத எடுத்துப் பார்த்தா அடி குழைஞ்சது தெரியுமா?" அந்தப் பத்திரிகை முகவரி எடுத்தது டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து. மேலாப்பு. அதே வருஷம் சுமார் ஐம்பதாயிரம் பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சொன்ன கேலப், பானையைக் கிண்டியவர்.

1995-ஐ ஓட்டிவிடலாம். ஜனவரியில் பிரதமர் பலதூர் கணிப்புகளில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். மக்கள் மனசில் தேர்தல் முடிந்தே விட்டது என்று ஒரு கணிப்பு நிபுணர் 'லெ மோந்த்' பத்திரிகையில் எழுதினார். ஏப்ரலில் பலதூர் மூன்றாவதாக வந்தார். தேர்தல் அவருக்கு முடிந்துவிட்டது என்ற வகையில் நிபுணர் சொன்னது சரிதான்.

இனி 2002. அன்றைக்கு நாங்கள் தவளக்குப்பம் போய் பஸ் பிடித்து, அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி இறங்கினோம். மரின் வீதித் தூதரகத்தில் பெரியப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவன் நான், வாசலோடு சரி. பிரெஞ்சு ஓட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் ஒரு துண்டுச் சீட்டு, மேஜையில் அடுக்கி வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை மட்டும் உறைக்குள் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் விட வேண்டும். விட்டதும் அதிகாரி உரக்க "ஆ வோத்தே!" என்பார், ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். எங்கள் பெரியப்பாவின் பெயருக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்பதற்கே வருஷக்கணக்காகக் காத்திருக்கலாம். மீதிச் சீட்டுகளை அவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் பிள்ளைகள் அவற்றை வைத்துச் சீட்டு ஆடினார்கள். தபாலில் வந்த வேட்பாளர் அறிக்கைகள்தான் எதற்கும் உதவவில்லை. வழவழத்த தாள், வடையை வைத்தால் எண்ணெய் உறிஞ்சாது.

அன்று அவர் போட்டது தோபிராவுக்கு. தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கறுப்பினப் பெண்மணி. "நம்ம மாதிரி காலனி ஊர்க்காரி. பாவம், ஒரு ஓட்டு விழட்டும். ஜோஸ்பன்தான் எப்படியும் ரெண்டாம் ரவுண்டுக்கு வந்துடுவானே" என்றார். ஆமாம், அத்தனை கணிப்பும் இரண்டாம் சுற்றுக்கு ஜனாதிபதி ஷிராக், பிரதமர் ஜோஸ்பன் என்றே ஓதின. அதில் நீங்கள் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது ஜோஸ்பனே சிரித்தார். நாற்பது வருஷம் கணிப்பைத் திட்டிய மனுஷன், வாழ்க்கையில் முதல் முறை அதை நம்பினார்.

நம் நேரம் பதினொன்றரைக்கு அங்கே எட்டு மணி. பாரிசை ஒட்டின ஸார்செல்லிலிருந்து அக்கா போன் செய்தாள். பெரியப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷிராக் 19.88. லெ பென் 16.86. ஜோஸ்பன் 16.18. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையெல்லாம் விரட்ட வேண்டும் என்று பேசிப் பிழைத்த லெ பென் இரண்டாம் சுற்றில்! வித்தியாசம் இரண்டு லட்சம் ஓட்டுகூட இல்லை. லெ பென் பெயரைக் கேட்பவனிடம் சொல்ல வெட்கப்பட்டவர்கள் நிறைய. அந்த வெட்கத்துக்கு இவ்வளவு என்று கணிப்புக்காரர்கள் கூட்டிப் போட்டும் பார்த்தார்கள், வெட்கம் அதற்கும் மேலே இருந்தது. அரசியலை விட்டே போகிறேன் என்று ஜோஸ்பன் அன்று ராத்திரியே அறிவித்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் அக்கா போனில்.

"நான்தான்மா கவுத்துட்டேன்" என்றார் பெரியப்பா. மூன்று நாள் பெத்தாங்க் பக்கமே போகவில்லை.

மே 5-ஆம் தேதி இரண்டாம் சுற்று. பிரான்சில் இடதுசாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஷிராக்குக்குப் போடப் புறப்பட்டார்கள். நிஜமாகவே மூக்கில் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள், கையுறை போட்டுப் போகிறோம் என்றார்கள். அதெல்லாம் கூடாது என்று அரசியல் சட்ட மன்றமே எச்சரிக்க வேண்டி வந்தது. பெரியப்பா கொடியிலிருந்து நீலக் கிளிப் ஒன்றை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். மாட்டினாரா என்று எனக்குத் தெரியாது, நான் வாசலில் நின்றவன். ஷிராக்குக்கு 82.21 சதவீதம். வெளியே வந்து கிளிப்பை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா எண்ணி வைப்பவள்.

2012-இல் போட்டி ஓலாந்துக்கும் சர்கோசிக்கும், கூத்து வேறு மாதிரி. எட்டு மணிக்கு முன்னால் முடிவைச் சொன்னால் அபராதம் என்று சட்டம். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் ஆறரைக்கே சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ட்விட்டரில் சங்கேதத்தில் பேசினார்கள்: ஓலாந்து என்றால் டச்சுக்காரன் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே, ஆகவே சீஸ் விலை ஏறுகிறது, சர்கோசியின் அப்பா ஹங்கேரிக்காரர், ஆகவே ஹங்கேரியில் வெயில் எவ்வளவு. அக்கா பையன் பெரியப்பாவுக்குப் போன் செய்து, "தாத்தா, சீஸ் ஏறிடுச்சி" என்றான். பெரியப்பா, "ஏறட்டும், நமக்கு மோர் போதும்" என்று வைத்துவிட்டார்.

கேட்காமலே போன மனுஷனைக் கடைசியில் ஒருவன் கேட்டான். 2021 மார்ச், புதுச்சேரி சட்டசபைத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும். டீக்கடை பெஞ்சில் பெரியப்பா. கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து, "ஐயா, ஒரு சின்ன சர்வே" என்றான். பெரியப்பா டீயைக் கீழே வைத்தார். வேட்டியைச் சரி செய்தார். உள்ளே தள்ளி உட்கார்ந்து பையனுக்கு இடம் கொடுத்தார், டீயும் சொன்னார். முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். தண்ணீர், சாலை, மில் மூடியது, ரேஷனில் அரிசி நின்றது, மாநில அந்தஸ்து, நடுநடுவே தெ கோல். பையன் பொறுமைசாலி. கடைசியில், "சரிங்கய்யா, உங்க ஓட்டு எந்தத் தொகுதி?" என்றான்.

"எனக்கு இங்க ஓட்டு ஏது தம்பி? நான் பிரான்சு."

பையன் அவரைப் பார்த்தான், டீயைப் பார்த்தான், டேப்லெட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கட்டத்தைத் தொட்டான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பெரியப்பா எட்டிப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது: 'கருத்து இல்லை'.