பரணியல்: ஓர் அறிமுகம்

கை எட்டாத உயரத்தில் அமைந்து, வேண்டாத பொருள்களை வேண்டியவை என்ற பெயரில் ஏற்றுக்கொள்ளும் வீட்டுப் பகுதி பரண் எனப்படும். ஓட்டு வீடுகளில் இது விட்டத்தின் மேல் பலகை பரப்பிச் செய்யப்பட்டது. தளம் போட்ட வீடுகளில் லிண்டல் மட்டத்தில், சுமார் ஏழடி உயரத்தில், இரண்டடி அகலக் கான்கிரீட் தட்டாக வார்க்கப்பட்டு ‘லாஃப்ட்’ என்று வழங்குகிறது. தினைப்புனத்துப் பரணிலிருந்து கிளியையாவது ஓட்டினார்கள். வீட்டுப் பரணிலிருந்து எதையும் ஓட்ட முடிவதில்லை. மேனாட்டார் இதே பணிக்குக் கார் கொட்டகையைப் பயன்படுத்துகின்றனர். இங்கே அடுக்குமாடிகளில் கார் நிறுத்துமிடம் என்பது தரையில் பெயிண்டால் போட்ட கோடுதான் என்பதால், அந்தச் சுமையும் பரணின் மேலேயே ஏறிவிட்டது.

பரண்வாழ் பொருள்களில் முதல் இனம், ஆண்டுக்கு ஒருமுறை இறங்குபவை: கொலுப்படி, பொம்மைப் பெட்டி, கார்த்திகை அகல், விசேஷத்துக்கான அண்டா. அங்கே இருப்பதற்கு முழு உரிமை பெற்றவை இவை மட்டுமே. ஆயினும் இவை எப்போதும் மற்றவற்றுக்குப் பின்னால்தான் இருக்கும்.

காலி அட்டைப்பெட்டி இனம் விரிவான ஆய்வுக்குரியது. ஓராண்டு வாரண்டிக்காக மேலே போன பெட்டி, வாரண்டி முடிந்து, சாதனமும் முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. வீடு மாறும்போது வேண்டியிருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். மாறும் நாளில் நடப்பதோ வேறு. டிவி போர்வையில் சுற்றப்பட்டு யாரோ ஒருவர் மடியில் பயணம் செய்ய, அதன் பெட்டி உள்ளே பழைய தலையணைகளோடு தனி உருப்படியாக லாரி ஏறும். பெட்டிக்குள் உள்ள தெர்மாகோலில் கன அளவில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் காற்று. ஆகவே பரணில் பாதுகாக்கப்படுவதில் கணிசமான பகுதி காற்றே என்று கொள்வதில் தவறில்லை.

ரிப்பேருக்குக் காத்திருப்பவை அடுத்த இனம். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் இவ்வினத்தை வளப்படுத்தியுள்ளன. கட்சி வேறுபாடு இன்றி இவை அருகருகே இருக்கும் இடம் பரண் ஒன்றே. நடைவண்டி, தூளிக் கம்பு முதலியன எதிர்கால நோக்குடையவை. அவற்றை உருட்டியும் ஆடியும் வளர்ந்த குழந்தை இப்போது பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பது வழக்கம்.

பரணின் காலக் கணிப்பு எளிது. அகழாய்வுக் குழியில் ஆழம் கூடக்கூடப் பழமை கூடும். பரணில் சுவரை நெருங்க நெருங்கக் கூடும். புதிய பொருள் ஒவ்வொன்றும் பழையதை உள்ளே தள்ளுவதே காரணம். அடியில் விரித்த தினத்தந்தியின் தேதி, கடைசியாக எப்போது ஒழித்தார்கள் என்பதைக் காட்டிவிடும். எவர்சில்வர் பாத்திரங்களில் வெட்டிய பெயர்கள் கல்வெட்டுச் சான்றாக உதவும். கொடுத்தவரின் இனிஷியலும் திருமணத் தேதியும் அவற்றில் தெளிவாக இருக்கும். எந்தத் தகராறில் அந்தப் பாத்திரம் மேலே போனது என்பது மட்டும் இருக்காது.

ஒழிப்பதற்கு உரிய நாள் போகி. ஆனால் அன்று எரிவது பெரும்பாலும் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும்தான். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்வது வழக்கம். பனியும் புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமான போகிகளும் உண்டு. 2018 அவற்றுள் ஒன்று. விமானம் நின்ற அந்நாளிலும் பரண் நிறைந்தே இருந்தது. ஒழிப்புப் பணிக்கு மூவர் தேவை: மேலே ஏற ஒருவர், ஸ்டூலைப் பிடிக்க ஒருவர், கூடத்தில் உட்கார்ந்தபடி “அது இருக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர். மூன்றாமவரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இத்துறையின் கோட்பாட்டு அடிப்படையைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனிடம் தேடலாம். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டவர் அவர். பயன்பாட்டுக்கே நூல் என்னும் முதல் விதி பரணில் செல்லாது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்னும் அடுத்த இரண்டையும் இல்லத்தார் தவறாகப் புரிந்துகொண்டு, உடைந்த குடைக்கும் ஒருவர் வருவார் எனக் காத்திருக்கின்றனர். நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நான்காவது விதி, ஏணி தேடும்போதே முறிகிறது. நூலகம் வளரும் தன்மையது என்னும் ஐந்தாவது விதிக்கு மட்டும் எந்த நூலகத்தை விடவும் பரண் உண்மையாக நடந்துகொள்கிறது.

அவரது கோலன் பகுப்புமுறை 1933-இல் வந்தது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன அதில் அமைந்த ஐந்து முகங்கள். பரணில் ஆளுமை ஒன்றே வெல்லும். பொருள் பித்தளையா, பயன் உண்டா, எந்த மூலையில் இருக்கிறது என்பவை எடுபடா. யார் கொடுத்தது என்பதே கேள்வி. கொடுத்தவர் இருக்கும்வரை அதைத் தூக்கிப் போட முடியாது. அவர் காலமான பின் நினைத்துப் பார்க்கவே கூடாது.

செயல்முறையில் உறுதியாகச் சொல்லத்தக்கவை சில. எல்லாவற்றையும் ஒரே நாளில் கீழே இறக்க வேண்டும். பாதி இறக்கினால் மீதி இடம் மாறுமே தவிரக் குறையாது. பெட்டியின் பெயரை மூடியில் எழுதக் கூடாது, கீழே நிற்பவர் கண்ணில் படும் பக்கத்தில் எழுத வேண்டும். ஆட்டுக்கல்லை மேலே ஏற்றக் கூடாது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கக் கூடாது: துணி இறங்கிய இடத்துக்குப் பாத்திரம் ஏறிவிடும், கன அளவு மாறாது. பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்ததை எதற்காகவும் திரும்ப எடுக்கக் கூடாது.

பரண் எவ்வளவு பெரிதோ அவ்வளவும் நிறையும் என்பதற்கு விலக்கு ஏதும் தென்படவில்லை. எனவே புதிதாக வீடு கட்டுவோர், “எல்லா ரூமுக்கும் ஒரு லாஃப்ட் போட்டுடலாமா சார்?” என்று மேஸ்திரி கேட்கும்போது, சமையலறைக்கு ஒன்று போதும் என்று அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.