குற்றம் வில்லிலா, அம்பிலா?

கேள்வி: 45 பவுண்டு ரீகர்வ் வில் வாங்கினேன். வலக்கைக்காரன்தான், ஆனால் அம்பு எப்போதும் இடப்பக்கமே போகிறது. வில்லை மாற்றிவிடட்டுமா?
- தேயிலைத் தோட்ட வாசகர், ரிங்லெட், கேமரன் மலை

பதில்: வில் பாவம், விடுங்கள். அதில் எழுதியிருக்கும் 45 பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால்தான். நீங்கள் 26 அங்குலத்திலேயே மூச்சு வாங்கினால் கிடைப்பது 40 பவுண்டுக்குப் பக்கம். 45-க்கென்று வாங்கிய அம்பு அந்த வேகத்துக்கு விறைப்பு அதிகம். எய்ததும் அம்பு லேசாக வளைந்து வில்லைச் சுற்றிப் போக வேண்டும்; வளைய மறுத்தால் இடப்பக்கம்தான். விறைப்புக் குறைந்த தண்டு வாங்குங்கள், அல்லது முனையைக் கனமாக்குங்கள். இறகில்லாத அம்பு ஒன்றை எய்து பாருங்கள், உண்மையைக் கக்கிவிடும்.

உங்கள் ஊர் மூடுபனிக்கு மரத்தண்டு கோணிக்கொள்ளும், கார்பன் தாங்கும். அம்பு வில்லின் மேலேயே உரசிப் போவதால் பிளாஸ்டிக் வேண்டாம், இறகுதான். நனைந்தால் அதுவும் கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்து வையுங்கள். நாண் பிடித்த விரல், ஒவ்வொரு முறையும் வாயோரத்தில் அதே இடத்தைத் தொட வேண்டும்.

பக்கத்துக் காட்டில் செமாய் மக்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவர்கள் ஊதுகுழல் ஊசி குழாய்க்குள் ஓடுவதால் வளைய வழியில்லை. மிச்சத்தை ஈப்போ மரத்து நஞ்சு பார்த்துக்கொள்ளும்.

வேட்டை ஆசையா? 2010-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் கேட்கும். அதுவரை கந்தல் திணித்த கோணிப்பையை எய்யுங்கள், தேயிலை வரிசைப் பக்கம் திரும்பாமல். கொழுந்தெடுக்கிறவர் முதுகில் கூடை இருக்கலாம், அம்பு இருக்கக் கூடாது!