என் சீசன் திட்டமும் ஒரு சித்தி கல்யாணமும்

எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் அடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் ஒரு நல்ல பேட்மின்டன் பயிற்சியாளன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. உடலைத் தயார்ப்படுத்தும் மாதங்களுக்குப் பச்சை. போட்டிக்கு முந்தைய வாரங்களுக்கு மஞ்சள். போட்டி மாதங்களுக்குச் சிவப்பு. சீசன் முடிந்து மூச்சு வாங்கும் காலத்துக்கு வெளிர் நீலம். மதுரையில் நான் பயிற்சி தரும் அரங்கின் நுழைவாயிலில் அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டிவைப்பேன். மொத்தம் 52 கட்டங்கள். பெற்றோர் வந்து நின்று மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒன்றும் புரியாது. புரியாததாலேயே என்மேல் ஒரு மரியாதை வரும். பாதி வண்ணம் அந்த மரியாதைக்காக அடித்ததுதான்.

திட்டம் என்னுடையதல்ல, சோவியத் யூனியனுடையது. 1960களில் லெவ் மத்வேயெவ் என்ற ஆய்வாளர் ஓராண்டுப் பயிற்சியைப் பெரிய சுற்று, நடுச் சுற்று, வாரச் சுற்று என்று பிரித்து எழுதினார். முதலில் நிறைய, ஆனால் மெதுவாக. போட்டி நெருங்க நெருங்கக் குறைவாக, ஆனால் கடுமையாக. குறித்த நாளில் உடம்பு உச்சத்தில் வந்து நிற்க வேண்டும். ருமேனியாவில் பிறந்த டியூடர் பொம்பா இதையெல்லாம் ஆங்கிலப் புத்தகமாக்கியதால் மதுரைவரை வந்து சேர்ந்தது. அடிக்கோடு போட்டுப் படித்தேன். மத்வேயெவின் வீரர்களுக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷன் இருந்திருக்காது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது.

முதலில் பச்சைக் காலத்தின் கதை. அடிப்படைத் தாங்குதிறன் வளர வேண்டும் என்று புத்தகம் சொன்னதால் பிள்ளைகளை விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வரச்சொல்லி ஓடவிட்டேன். அரைமணி, முக்கால் மணி, நிதானமான ஓட்டம். நானும் ஓரத்தில் டீ குடித்தபடி உற்சாகப்படுத்தினேன். பேட்மின்டன் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், ஒரு ஆட்டக்காரருக்குச் சொந்தம் அதில் பாதிதான். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு ராலி பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும், அடுத்த சர்வீஸுக்குள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் மூச்சு விடலாம். அப்படிப்பட்ட விளையாட்டுக்கு நான் வளர்த்தது மெதுவாக வெகுதூரம் ஓடத் தெரிந்த ஒரு கூட்டத்தை. அந்த ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவில் என் பிள்ளைகள் 1500 மீட்டரில் பதக்கங்களை அள்ளினார்கள். நெட் ஓரம் விழுந்த டிராப்பை எடுக்கத்தான் ஒருவரும் போய்ச் சேரவில்லை.

ஓடவிட்டது போதாதென்று அளந்தும் பார்த்தேன். கனடாவின் லூக் லெஜே வகுத்த பீப் டெஸ்ட் இருக்கிறதே, 20 மீட்டர் தூரத்தை ஒலிக்கேற்ப முன்னும் பின்னும் ஓடுவது, அதைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் அரங்கில் சுவருக்குச் சுவர் 18 மீட்டர்தான் இருந்தது. இரண்டு மீட்டரில் என்ன குடிமுழுகிப்போகிறது என்று அதிலேயே நடத்தினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மீட்டர் தள்ளுபடி. முடிவுகளைப் புத்தகத்து அட்டவணையோடு ஒப்பிட்டபோது, பன்னிரண்டு வயதுப் பயல்கள் பாதிப் பேர் தேசிய அணிக்குத் தகுதியானவர்களாக இருந்தார்கள். அந்தத் தாளையும் சுவரில் ஒட்டினேன்.

பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஆட்டக்காரரிடமே 10க்கு ஒரு எண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி, அன்றைய சுமையைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பரப்பியது. எளிமையானது, செலவில்லாதது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அது மார்க்காகிவிடும் என்று ஃபாஸ்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எல்லாரும் 9, 10 என்று எழுதினார்கள். ஷட்டில் பொறுக்கிப்போட மட்டும் வந்த பொடியனும் 10. "அப்படியில்லப்பா, ஈசியா இருந்தா 3னு போடணும்" என்று விளக்கினேன். "3 போட்டா ஃபெயில் சார்" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு எல்லாரும் கூடிப் பேசி 7 என்று ஒருமனதாக முடிவுசெய்துவிட்டார்கள். ஒரு சீசன் முழுக்க அந்த ஏழுகளை நான் வரைபடமாக வரைந்தேன். நேர்கோடாக வந்தது. சுமையைச் சீராக வைத்திருக்கிறேன் என்று மகிழ்ந்தேன்.

நாள்காட்டியில் நான் பட்ட அவமானம் தனி. உலக அளவிலேயே இந்த விளையாட்டுக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. ஜனவரியில் மலேசிய ஓப்பனில் தொடங்கினால் டிசம்பர் இறுதிச் சுற்றுவரை ஓட்டம்தான். முன்வரிசையில் இருப்பவர்கள் பெரிய போட்டிகளை நினைத்தபடி தவிர்க்கவும் விதி விடாது. மத்வேயெவின் ஒற்றை உச்சம் அங்கேயே திணறும்போது, 13 வயதுக்குட்பட்டோர், 15, 17, 19 என்று ஆளுக்கொரு தேதியில் ரேங்கிங் டோர்னமென்ட் வரும் ஊரில் என்ன ஆகும்? அறிவிப்பு வரும், தேதி தள்ளிப்போகும், மழை வரும். இதையாவது முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று சமாதானம் சொல்லலாம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு என்பது எனக்குத் தெரியாதா? நானும் அதே தேர்வுகளில் தோற்றுத் தேறியவன்தானே. இருந்தும் என் அட்டவணையின் அடர்சிவப்பு வாரம் வருடா வருடம் சரியாக அரையாண்டுத் தேர்வின் மேல்தான் போய் உட்காரும். பொங்கல் வாரத்தில் ஒருமுறை மூன்று நாள் தீவிர முகாம் போட்டேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் பயல்கள் மூன்று ஊரில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவிப் பயிற்சியாளரும் வரவில்லை. கோடை முகாமின் உச்சச் சுமையை அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வைத்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம். மதுரையில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா அது? "ருமேனியாக்காரன் எழுதுனத படிச்சிட்டு அழகர மறந்துட்டீங்களே" என்றாள் என் மனைவி. அன்று அரங்கில் நானும் மின்விசிறியும்தான். ஷட்டில் காற்றில் விலகும் என்பதால் ஆட்டம் நடக்கும்போது அதைப் போட முடியாது. அன்று தாராளமாகப் போட்டுக்கொண்டேன்.

ஷட்டிலையும் திட்டத்தில் சேர்க்க மறந்தேன். எத்தனை மணி நேரம் மல்டி ஷட்டில் பயிற்சி என்று எழுதினேனே தவிர, அதற்கு எத்தனை டியூப் ஆகும் என்று எழுதவில்லை. ஐந்து கிராம் எடையும் 16 இறகும் கொண்ட அந்தப் பண்டம் மே மாத வறண்ட வெயிலில் இரண்டு நல்ல ஸ்மாஷுக்கு மேல் தாங்காது. வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்து ஷட்டிலுக்கு ஆவி பிடித்தோம். இறகில் ஈரம் ஏறினால் சட்டென்று ஒடியாது. மாமியாருக்குச் சளி பிடித்த அன்று அடுப்படியில் வரிசை யாருக்கு முதலில் என்ற பிரச்சினை வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் விடுமுறை முடிந்து வந்தபோது கிடுகிடுவென வளர்ந்திருந்தான். எனக்குச் சந்தோஷம், உயரம் கூடினால் ஸ்மாஷ் கோணம் கூடும். அட்டவணைப்படி, ஒரு காலை நீட்டி முழங்காலை மடக்கிப் பாயும் லஞ்ஜ் பயிற்சியின் எண்ணிக்கையை வாரா வாரம் ஏற்றிக்கொண்டே போனேன். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றான். புது ஷூவாக இருக்கும் என்றேன். வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் கால் எலும்போடு சேரும் இடத்தில் இழுபட்டு வீங்கி வலிக்கும், குதிப்பதையும் உந்தி நிற்பதையும் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்தான் சொன்னார். 52 கட்டத்தில் எதிலும் பையன் வளர்வான் என்பதற்கு இடமில்லை. இப்போது மாதம் ஒருமுறை எல்லாரையும் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் உயரம் குறிக்கிறேன். என் அட்டவணைகளிலேயே இதுவரை பொய் சொல்லாதது அந்தச் சுவர்தான்.

பெரியவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டதும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதம் பி.வி. சிந்துவின் கைப்பேசியை அவருடைய பயிற்சியாளர் கோபிசந்த் வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளியோடு ஊர் திரும்பினார் சிந்து. நானும் மாவட்டப் போட்டிக்கு முன் எல்லாருடைய கைப்பேசியையும் ஷூ டப்பாவில் வாங்கி வைத்தேன். முதல்நாள் மாலையே ஆட்ட நேரம் மாறியது. சொல்ல ஒருவரிடமும் போன் இல்லை. டப்பாவுக்குள் இருபது போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அம்மா.

இனி மெய்யான குற்றத்துக்கு வருகிறேன். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியின் அளவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க வேண்டும். வேகத்தையும் கடுமையையும் குறைக்கக் கூடாது. 2007இல் லோரன் போஸ்கே குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது இது. அவை பெரும்பாலும் நீச்சல், ஓட்டம், சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்தவை என்றாலும், களைப்பு இறங்கினால்தான் சேர்த்த பலம் மேலே வரும் என்பது எல்லா உடம்புக்கும் பொது. இதை நான் பெற்றோர் கூட்டத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். செய்ததே இல்லை.

ஏனென்றால் அரைமணி முன்னதாகப் பயிற்சியை முடித்தால் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கும் தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "என்ன சார், புள்ளைக்கு வேர்க்கவே இல்லையே" என்பார். ஒருவர் வெளிப்படையாகவே, அந்த ரெண்டு வாரத்துக்கு ஃபீஸும் பாதியா என்று கேட்டார். அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே கை நிற்காது. மாவு புளிக்கிறதா என்று அரைமணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறவர்களின் ரகம் நான். இன்னும் பத்து நிமிடம் நெட் ப்ளே, இன்னும் ஒரு கூடை ஷட்டில், அவளுக்கு பேக்ஹேண்ட் மட்டும் கொஞ்சம் என்று சேர்த்துச் சேர்த்து, ஓய்வு வாரம்தான் ஆண்டிலேயே நீளமான வாரமாகும். போட்டியன்று பிள்ளைகள் பேருந்தில் வாயைத் திறந்து தூங்குவார்கள். முதல் சுற்றில் சீடட் ஆட்டக்காரரோடு மோதி 21-9, 21-11. ஓராண்டின் உச்சம் இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். "டிரா சரியில்ல" என்று பெற்றோரிடம் சொல்வேன். டிரா பல முறை சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் சித்தி கல்யாணம் வந்தது. என்னிடம் பயிலும் ஒரு பெண், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ராஜபாளையத்தில் சித்திக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டாள். அவள் அம்மாவிடம் கடுமையாகவே பேசினேன். "மெயின் டிராவுக்கு நேரா வந்திருக்காம்மா, இப்பப் போயி..." என்றேன். "தங்கச்சி கல்யாணம் சார், அதுக்கு ஏது குவாலிஃபையிங்" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போனார். மருதாணிக் கையோடு திரும்பி வந்தவளுக்குப் போட்டிக்கு முன் இரண்டே பயிற்சிதான் கிடைத்தது. இரண்டாம் சுற்றில் சீடட் பெண்ணை மூன்று கேமில் வென்றாள். மூன்றாவது கேமில் கால்கள் அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் வெட்கக்கேடு. சுற்றி நின்ற பெற்றோரிடம், "வேணும்னேதான் லோடு குறைச்சு வச்சிருந்தேன்" என்று சொன்னேன். போஸ்கேயின் பெயரையும் சொன்னேன். அவள் அம்மா சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டு முறுக்கு ஒரு பை கொண்டுவந்திருந்தார், அதை என் கையில் கொடுத்தார். அடுத்த சீசன் சேர்க்கைப் படிவத்தில், வீட்டில் திருமணம் ஏதேனும் நிச்சயமாகியிருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

சேர்க்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தேன். ஓய்வு என்ற பேச்சையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கட்டங்களில் "டேக்டிக்ஸ் கிளாஸ்" என்று எழுதினேன். அரங்கின் ஓரத்தில் பாய் விரித்து, சிந்துவும் கரோலினா மரினும் ஆடிய ரியோ இறுதி ஆட்டத்தை ஓடவிடுகிறேன். சிந்து 21-19 என்று முதல் கேமை எடுப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் ஒலியைக் குறைத்துவிடுவேன். முடிவு அவர்களுக்குத் தெரிந்ததுதானே. பெற்றோர் இதுவரை ஒரு புகாரும் சொல்லவில்லை, வேர்வையைப் பற்றியும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "சார், அந்த டேக்டிக்ஸ் கிளாஸ் இருக்கிற அன்னைக்குத்தான் பய முகம் தெளிஞ்சு வீட்டுக்கு வர்றான். வாரத்துக்கு ரெண்டா வச்சா எக்ஸ்ட்ரா ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.