சொதிச் சுவடி: மூலமும் உரையும்

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த நாள்தொட்டு, கரையானுக்குத் தப்பிய தமிழ்ச் சுவடிகளெல்லாம் அநேகமாக அச்சேறிவிட்டன என்றொரு நம்பிக்கை அறிஞர்களிடையே நிலவுகிறது. அது பொருந்தாது. ஐயர் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார், வீடு வீடாகப் பரணைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் போகவில்லை. அங்கே அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் செருகியிருப்பவை இன்றும் பதிப்பாசிரியனுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றான எங்கள் ஆச்சியின் நோட்டில், பால் கணக்குக்கும் சலவைக் கணக்குக்கும் இடையே அமைந்த சொதிப் பகுதி இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மூலம் முழுவதும் வருமாறு:

“சொதி. தேங்காய் 2. சிறுபருப்பு அரைக்கால் படி. காய் கண்டமட்டும். இஞ்சி விரல் நீளம். பச்சமிளகா காரத்துக்கு. மல்லித்தழை அரையணா. உப்பு. நுரை கட்டவும் இறக்கு. எலுமிச்சை பொறவு.”

இவ்வளவே. வள்ளுவருக்குப் பதின்மர் உரை கண்டனர். ஆச்சிக்கு இதுவரை மூவர். ஆச்சி வயிற்றில் பிறந்தவர் என்ற உரிமையில் அத்தையார். அதே அடுக்களையில் மருமகளாக வந்து வருடக்கணக்கில் தேங்காய் திருவியவர் என்ற உரிமையில் பெரியம்மையார். இரண்டும் இல்லாமல், கலியாண வீட்டுத் தவசுப்பிள்ளையிடம் கேட்டறிந்தவர் என்ற அளவில் சித்தியார். முன்னவர் இருவருக்கும் ஒத்த கருத்து ஒன்றே ஒன்று: சித்தியாருடையது உரையே அல்ல என்பது. மூன்று உரைகளும் வாட்ஸ்அப் குரல்செய்திகளாகவே கிடைக்கின்றன. குக்கர் விசிலும் தொலைக்காட்சித் தொடரின் அழுகையும் இடைபுகுவதால் சில இடங்களில் பாடம் சிதைந்திருக்கிறது.

சுவடியின் புறத்தோற்றம் பற்றி ஒரு சொல். ஓலையில் சிதைவு தீங்கு. சமையல் நோட்டில் அதுவே சான்று. சொதிப் பக்கத்தில் மஞ்சள் விரல் ரேகை, எண்ணெய்ப் பொட்டு, ஓரத்தில் தேங்காய்ப்பால் உலர்ந்த வட்டம் எல்லாம் உண்டு. சில பக்கம் தள்ளி, முட்டையில்லா கேக் செய்முறை படு தெளிவான கையெழுத்தில், அளவுகளோடு, துளிக் கறையின்றி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் கேக் செய்ததில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இனி காலம். ‘அரையணா’ என்னும் சொல்லாட்சி கொண்டு, புதுப் பைசா புழக்கத்துக்கு வந்த 1957 ஏப்ரல் 1-க்கு முற்பட்டது இப்பகுதி என்பர் ஒருசாரார். ‘அரைக்கால் படி’யைக் காட்டி, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் வரத்தொடங்கியதற்கும் முற்பட்டது என்று வலியுறுத்துவதும் உண்டு. இவை கேட்க இனிமையானவை. ஆனால் இருபத்தைந்து பைசாக் காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமற் போகும்வரை நம் வீடுகளில் அது நாலணாவாகவே இருந்தது. அணாவை வைத்துக் காலம் கணிப்பவர், ஊரில் வயதானவர்களோடு பேசியிராதவர்.

அரையணாவின் உண்மைப் பயன் வேறு. அது இந்நூலின் வகையைக் காட்டிக்கொடுக்கிறது. சமையல் செய்கிறவளுக்கு மல்லித்தழையின் விலை எதற்கு? கடைக்குப் போகிறவருக்கே அது வேண்டும். தேங்காய், பருப்பு, காய், இஞ்சி, மிளகாய், மல்லி என்ற வரிசையும் கடைத்தெருவில் நடந்து போகிற வரிசையாகவே இருக்கிறது. வாங்கவேண்டிய பொருளுக்கெல்லாம் ஏதோ ஓர் அளவு சொல்லப்படுகிறது; உப்பு மட்டும் தனியே நிற்கிறது, ஒருவேளை ‘இருக்கிறதா பார்’ என்ற அளவில். எனவே, குடும்பமே மூன்று தலைமுறையாகப் பொக்கிஷம் என்று போற்றிவரும் இக்குறிப்பு, தாத்தா கையில் பையோடு கொடுத்தனுப்பிய சாமான் சிட்டை என்பதே என் துணிபு. கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் பென்சிலில் இருக்கின்றன. எழுத்தும் வேறு. புதிதாக வந்த மருமகள் ஒருத்தி மறந்துபோகாமலிருக்க எழுதிக்கொண்ட இடைச்செருகல் அது. பெரியம்மையாரிடம் கேட்டபோது, “நானா? எனக்கென்ன எழுதி வச்சாப் பாக்கணும்?” என்றார். இந்த மறுப்பு சான்றை வலுப்படுத்துகிறது.

அரையணாவை இன்றைய நாணயத்தில் பெயர்ப்பது தனிச் சிக்கல். புதுப் பைசாக் கணக்கில் அது மூன்று பைசாவும் சொச்சமும். இன்று சென்னையில் காய்கறி வாங்கினால் ஒரு கொத்து மல்லியைக் கொசுறாகப் பையில் போட்டுவிடுகிறார்கள். அதாவது அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் எல்லாப் பொருளும் விலையேற, மல்லித்தழை ஒன்றே சூன்யத்தை நோக்கி இறங்கியிருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் இதைக் கவனிக்காமல் தங்கத்தின் பின்னால் போய்விட்டார்கள்.

அரைக்கால் படி என்பது ஓர் ஆழாக்கு. ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். கைவசம் ஆழாக்கு இல்லாத நான், மின்சார அரிசிக் குக்கரோடு வந்த குவளையை எடுத்தேன். அது 180 மில்லிலிட்டர். ஜப்பானியரின் பழைய அரிசி அளவான ‘கோ’. பன்னிரண்டு மில்லிலிட்டர்தான் வித்தியாசம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நிறுவ வாழ்நாளெல்லாம் உழைத்த பேராசிரியர் சுசுமு ஓனோ காதில் யாராவது இதைப் போட்டிருக்கலாம். விரல் நீளம் யாருடைய விரல் என்பதிலும், கல்லுப்பு போட்ட கைக்குத் தூளுப்பு கணக்குப் படியாததிலும் தனித்தனிக் கட்டுரைகளுக்கு இடமுண்டு. விரிவஞ்சி விடுக்கிறேன்.

நூலின் உயிர்நிலை ‘நுரை கட்டவும் இறக்கு’ என்னும் தொடர். சொதிக்குத் தேங்காய்ப்பால் மூன்று முறை எடுக்கப்படும். தண்ணீர்போல் இருக்கும் மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலில் வெந்த பருப்போடு கூடிக் கொதிக்கும். கெட்டியான முதல் பால் கடைசியில் சேரும். சேர்ந்தபின் கொதிக்கவிட்டால் போச்சு. தேங்காய்ப்பாலின் புரதம் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் திரளத் தொடங்கும், எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அந்தச் சூட்டில் எலுமிச்சையும் விழுந்தால் பால் முழுவதும் திப்பி திப்பியாகிவிடும். ‘எலுமிச்சை பொறவு’ என்றது இது நோக்கி.

இங்கே அத்தையார் ‘நுரை கட்டுமுன்’ என்று பாடங்கொள்வார். பெரியம்மையார் ‘நுரை கட்டவும்’ என்பதே மூலபாடம் என்பார். இதன்பொருட்டு இருவரும் ஒரு பொங்கலுக்குப் பேசிக்கொள்ளவில்லை. பாத்திரத்தைப் பார்த்தால் இப்பூசல் தீரும். அத்தையார் இன்றும் மண்சட்டியில் வைப்பவர். சட்டியை இறக்கிய பின்னும் உள்ளிருக்கும் சூடு சற்று நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகையால் நுரைக்கு முன்னரே இறக்கியாக வேண்டும். பெரியம்மையார் எவர்சில்வர்க்காரி, இறக்கியதும் அடங்கிவிடும், நுரை வரும்வரை நிற்கலாம். இரண்டு பாடமும் சரி. இதை இருவரிடமும் தனித்தனியே எடுத்துச் சொன்னேன். நான் மற்றவர் கட்சி என்று இருவருமே முடிவு செய்துவிட்டார்கள். சித்தியார் கருத்து: தவசுப்பிள்ளை கொஞ்சம் சோளமாவு கரைத்து ஊற்றிவிடுவார், திரியவே திரியாது. இது பொருளன்மை உணர்க.

அடுத்து, செயல்முறை ஆய்வு. சென்னை அடுக்ககம் ஒன்றின் எரிவாயு அடுப்பில், மூலத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிச் சொதி வைக்கப்பட்டது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் இருந்தது. பரிசோதகர் அப்பா. அவர் முடிவு: “நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மை வைக்குத மாதிரி இல்ல. என்னமோ ஒண்ணு கொறையுது.” என்ன குறைகிறது என்று கேட்டால், அதைச் சொல்ல முடிந்தால் தாமே வைத்திருக்க மாட்டோமா என்பார்.

இத்தகைய சாட்சியத்தில் பாசத்தின் கலப்பு இருக்கக்கூடும் ஆதலால் கண்கட்டுச் சோதனை அவசியமாயிற்று. பின்னொரு நாள் நான் வைத்த சொதியையே, அத்தையார் நெல்லை எக்ஸ்பிரஸில் கொடுத்தனுப்பியது என்று சொல்லிப் பரிமாறினேன். தேங்காய்ப்பால் ரயிலில் ஓரிரவு தாங்குமா என்று அப்பா யோசிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டார். “பாவம், அவளுக்கும் கை தளந்துட்டு” என்றார்.

இது என்னைப் பெரியதொரு கோட்பாட்டுக்கு இட்டுச்சென்றது. பெரியம்மையார் தரும் தகவலின்படி ஆச்சி வைத்த சொதியைத் தாத்தா ஒருநாளும் புகழ்ந்ததில்லை. “எங்கம்மை வச்சால்லா சொதி” என்று பெருமூச்சு விடுவாராம். அந்தக் கொள்ளுப்பாட்டியின் சொதிக்கும் அவள் காலத்தில் இதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்க வேண்டும். ஆக, சொதி தலைமுறைதோறும் தேய்ந்து வருகிறது. பின்னோக்கிப் போகப்போகச் சிறந்துகொண்டே போகும். ஆனால் பின்னோக்கிப் போகும் வழியில் காய்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுகின்றன. ‘காய் கண்டமட்டும்’ என்பதற்கு மூன்று உரைகளும் கூறும் உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் மலைச்சரக்கு. பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்தது. செம்மஞ்சள் கேரட் ஐரோப்பியர் கொணர்ந்தது. பச்சைமிளகாயோ 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்த பண்டம். எனவே அப்பாவின் தர்க்கப்படி அப்பழுக்கற்ற சொதி என்பது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், முருங்கைக்காயும் சிறுபருப்பும் தேங்காய்ப்பாலில் கிடக்க, இஞ்சியும் மிளகும் மட்டும் காரம் தந்த ஒன்று. அப்பாவுக்கு அதையும் வைத்துக் கொடுத்தேன். பத்தியச் சாப்பாடா என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தார் சொதியை வாரநாள் காலையில் இடியப்பத்தின் மேல் ஊற்றி, விருந்து என்ற நினைப்பே இல்லாமல் உண்டு எழுகிறார்கள். கலியாணத்தையடுத்து மாப்பிள்ளைக்கு வைக்கும் நெல்லைச் சொதியோடு அதை ஒப்பிடுவது தனி ஆய்வுக்குரியது. அவர்களிடம் இத்தனை உரையாசிரியர்கள் இருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் தோன்றுகிறது.

கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் மரபுப்படி மூத்த அறிஞர் ஒருவர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதால், அத்தையாருக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். சாமான் சிட்டை என்ற இடத்தில் சிரித்தார். நுரைப் பகுதியில் பெரியம்மையார் பெயர் வந்தபோது சிரிக்கவில்லை. முடிந்ததும், “எல்லாஞ் சரிதான்யா, பூண்டு எத்தன பல்லு போட்ட?” என்றார்.

மூலத்தில் பூண்டு இல்லை என்றேன்.

“அது எப்பவும் அடுக்களையில தொங்கும்லா! வீட்டுல கெடக்கத வாங்கிட்டு வரச்சொல்லி யாராவது எழுதுவாவளா?”

மற்ற உரையாசிரியர் இருவரையும் விசாரித்ததில், பூண்டு போடாமல் சொதி வைக்க ஓர் ஆள் இருக்கக்கூடும் என்று தங்களுக்குத் தோன்றவே இல்லை என்றனர். சாமான் சிட்டைக் கோட்பாட்டை அத்தையாரும் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். பூண்டைப் பொறுத்தவரை, கறையிலும் அதன் தடயம் இல்லாததால், பிற்காலப் பாடம் என்றே கொள்ளத் தகும்.