ஒரு கை கொடுங்க சார்

எங்கள் தெருக்காரர் ஒருவர் வைத்திருப்பது 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2. பால் வெள்ளை. பானட்டைத் துடைக்க ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, டயருக்குக்கூடத் தனியாக ஒன்று. எல்லாம் பளபளவென்று இருக்கும். செல்ஃப் மட்டும் எடுக்காது.

நாம் பால் பாக்கெட்டோடு தெருமுனை திரும்பும் நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்து ஏறுவார். சாவியைத் திருப்புவார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். நேற்றுவரை இப்படி ஆனதே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டுவார்.

“சார், சும்மா ஒரு கை கொடுங்க.”

சும்மா ஒரு கை! வண்டியின் எடை 1,100 கிலோவுக்கு மேல். அவர் எடை தனி.

ஆள் பிடிப்பதில் அவரை மிஞ்ச யாரும் கிடையாது. வாக்கிங் போகிறவர்கள் என்றால் அல்வா. “எப்படியும் நடக்கத்தானே போறீங்க?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், கூரியர் பையன், பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, எல்லோரும் தள்ளியிருக்கிறார்கள். ஒரு தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரையே தள்ள வைத்தார். அவரும் போட்டோவுக்கு நின்றபடி தள்ளினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. அவர் டெபாசிட் போனது.

தள்ளுவதற்கும் நிபந்தனைகள் உண்டு. “பம்பரைப் பிடிக்காதீங்க, குரோமியம் மங்கிடும். டிக்கில கை வைக்காதீங்க, நேத்துதான் பாலிஷ் போட்டேன். கண்ணாடில ரேகை விழும் சார்.” பிறகு எங்கேதான் பிடிப்பது என்றால், “பொதுவா தள்ளுங்களேன்” என்பார்.

பொதுவாகத் தள்ளுவோம். வண்டி வேகம் பிடித்ததும் ரெண்டாவது கியரில் கிளட்சை விட வேண்டும். அவர் விடுவது பிள்ளையார் கோவில் தாண்டித்தான். அதுவும் படாரென்று. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். பின்னால் இருப்பவர்கள் மூக்கு டிக்கியில் முட்டும் (பாலிஷ் போச்சு). அப்புறம் ஒரு இருமல், கருப்பாய் ஒரு புகை, இன்ஜின் பிடித்துவிடும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். நிறுத்தினால் அணைந்துவிடுமாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மட்டும் ஆடும். அது நன்றியா, வலது பக்கம் திரும்பும் சிக்னலா என்று தெருவில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அணைக்க முடியாத வண்டியோடு வாழ்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருக்கிறார். டீக்கடை வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கடையில் எல்லோருடைய டீயிலும் பெட்ரோல் வாசனை. சென்னை போன்ற தட்டையான ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது மாநகராட்சிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். மழைத் தண்ணீர் ஓடும் திசையில் மூக்கை வைத்துத்தான் நிறுத்துவார்.

வியாதி பெரிதா என்றால், இல்லை. எங்கள் தெரு முனை எலெக்ட்ரீஷியன் காது கொடுத்துக் கேட்டே சொல்லிவிட்டார்: “கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு, புஷ் லூஸு, ஆர்மேச்சர் உரசுது. கழட்டிக் குடுங்க சார். கம்யூட்டேட்டரை லேத்துல ஒரு பிடி பிடிச்சு, பிரஷ்ஷும் புஷ்ஷும் மாத்தி, சாயந்திரம் மாட்டிடறேன்.” வைண்டிங்கே கருகியிருந்தால் வேறு மோட்டார் தேட ஜி.பி. ரோடு இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. நம்மவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“ஒரிஜினல் லூகாஸ் சார் இது. இதுல கை வைக்கலாமா?”

சீட் கவர் ஒரிஜினல் இல்லை. ஹாரன் ஒரிஜினல் இல்லை. வைப்பர் பிளேடு ஏதோ மாருதியிலிருந்து வந்தது. ஓடாத ஒரே சாமான்தான் ஒரிஜினல். லூகாஸ் டி.வி.எஸ். என்பது இதோ சென்னைப் பாடியில் 1961-ல் தொடங்கிய கம்பெனி. இவர் பேச்சைக் கேட்டால் அந்த மோட்டாரை ஏதோ ஐம்பொன் சிலைபோலத் தோண்டியெடுத்ததாகத் தோன்றும். இங்கிலாந்தில் பழைய கார்க்காரர்கள் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னேன். “பாத்தீங்களா, இளவரசன்!” என்கிறார்.

ஹேண்டில் போட்டுச் சுற்றலாமே, பம்பரில் ஓட்டை இருக்கிறதே என்றால் பதறுவார். ஹேண்டில் எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அந்தக் காலத்தில் பலருக்குப் போயிருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்தார். “1912-லயே கேடிலாக்ல வெச்சுட்டான் சார்! பட்டனைத் தொட்டா போதும், பொம்பளைங்ககூட ஓட்டலாம்னு ஆச்சு. என்ன மூளை!” இந்த வரலாற்றை அவர் சொல்வதும், நாம் மூச்சு வாங்கக் கேட்பதும், வண்டி தள்ளும்போதுதான்.

ஆனால் இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வருவார். பின்சீட்டில் மட்டும் ஏழெட்டுத் தலைகள். அந்த நேரத்தில் அவரைத் திட்ட வாய் வராது.

எனக்கு வாய் வருவது வேறு இடத்தில். ஆள் கிடைக்காத நாளில் தள்ளுவது அவர் மனைவி. முகூர்த்தத்துக்குப் புறப்படும்போது பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டுவலிக் காலோடு தள்ளுவார். ஓடுகிற வண்டியில் ஏறுவதும் அவர்தான். அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸும் இருக்கிறது. “நீங்க இறங்கித் தள்ளுங்க, அவங்க ஓட்டட்டும்” என்றேன். கிளட்சை விடும் டைமிங் வேறு யாருக்கும் வராதாம். கார்பன் பிரஷ் வாங்கிப் போடுவதற்கு மனசில்லாத மனிதருக்கு டைமிங் என்ன டைமிங்?

எங்கள் தெருவில் ஒரு வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறது. காற்றோட்டமான மாடி, தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் வெள்ளை அம்பாசிடருக்கு செல்ஃப் எடுக்கிறதா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவும்.