அடைப்புக்குறிக்குள் ஒரு டாக்டர்

பூந்தமல்லி–ஆவடி சாலையில் எந்தப் பொறியியல் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் இவரைப் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் எம்.இ., அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் பிஎச்.டி. அடைப்புக்குறி எப்போது உதிரும் என்று கேட்டால், "இந்த வருஷம் சினாப்சிஸ் கொடுத்துடுவேன் சார்" என்பார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார். சோம்பேறி என்று தள்ளிவிட முடியாது, கணக்கில்தான் கோளாறு. யுஜிசியின் 2022 விதிப்படி ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் எட்டு, பெண்களுக்குப் பத்து வரை. சேருகிறவர் காதில் முதல் எண் மட்டும் விழுகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் அந்த மூன்றையே சொல்கிறார். விதி எழுதியவர்களோ பத்து வரை எண்ணி வைத்திருக்கிறார்கள். இவரை நன்றாகத் தெரிந்தவர்கள்.

இவர் பார்ட்-டைம் என்பதால், வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்றிதழ் தர வேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவல் இடம் கொடுக்கிறது என்று அதில் நிர்வாகம் உறுதி சொல்ல வேண்டும். கல்லூரி வளாகங்களில் எழுதப்படும் புனைகதைகளில் இதற்கே முதலிடம். கையெழுத்தின் மை காய்வதற்குள் நாக் கோப்பு, இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டுத் திருத்தம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அட்மிஷனுக்காகப் பெற்றோருக்குப் போன் என்று வரிசை கட்டி வரும். ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது இரவு பத்து மணிக்கு மேல்தான். வயர்லெஸ் சென்சாரில் தொடங்கிய தலைப்பு பாதி வழியில் பழசாகிவிட, கட்டுரையைப் பார்த்த ரிவ்யூவர் "டீப் லேர்னிங் ஏன் இல்லை?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான், நான்கு வருஷம் தாமதமாக வருகிறது, அவ்வளவே.

முழுநேரமாகச் சேர்ந்திருக்கலாமே என்பார்கள். நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், உண்மை. அது கிடைக்காதவர் வேலையை விட்டால் வீட்டுக்கடன் தவணையை கைடா கட்டுவார்? இன்னொரு குற்றச்சாட்டு, இவருக்கு அறிவுத்தாகம் இல்லை, பட்டம்தான் குறி என்பது. இருக்கட்டும். இணைப் பேராசிரியராகப் பிஎச்.டி. வேண்டும் என்று ஏஐசிடிஇ விதித்துவிட்டு, விண்ணப்பித்தவரிடம் தாகத்தைத் தேடுவது விசித்திரம். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டதே என்றும் சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. பல்கலைக்கழகங்கள் பல, அதைத் தங்கள் விதியில் பத்திரமாக வைத்திருக்கின்றன. வைவா முடிந்து மாலையும் ஸ்வீட் பாக்ஸுமாக நிற்கும் நாளில் அடைப்புக்குறி ஒருவழியாக உதிர்கிறது. ஆனால் இணைப் பேராசிரியர் பதவிக்கு ஏஐசிடிஇ கேட்கும் எட்டு ஆண்டு அனுபவத்தில் இரண்டு, பிஎச்.டி.க்குப் பிந்தியதாக இருக்க வேண்டுமாம். அந்த வரியை அவர் இப்போதுதான் படிக்கிறார்.